இருட்டைச் சோம்பல் என்று நினைத்த மாதங்கள்

2022 ஆகஸ்டில் வேலைக்காக பின்லாந்து வந்து இறங்கினேன். ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரத்தில் வீடு. வந்த முதல் வாரம் இரவு ஒன்பது மணிக்கு பால்கனியில் நின்று, திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் வானத்தைக் காட்டினேன். அங்கே மணி பதினொன்றரை. தூக்கக் கலக்கத்தோடு பார்த்துவிட்டு, "ராத்திரி ஒம்பது மணிக்கா இப்படி வெளிச்சமா கெடக்கு? நீ எப்பய்யா தூங்குவ?" என்றாள். அந்த மாதம் எனக்கு இருந்த ஒரே கவலை வெளிச்சம் கூடுதலாக இருக்கிறது என்பதுதான். கடைக்குப் போய்க் கறுப்புத் திரைச்சீலை வாங்கி ஜன்னலில் மாட்டினேன். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் அதுதான் என் முதல் தப்பு.

செப்டம்பரில் ஒரு தமிழ்க் குடும்பம் சாப்பிடக் கூப்பிட்டது. அந்த வீட்டு அக்கா பொள்ளாச்சிக்காரர், பதினோரு வருடமாக இங்கே இருக்கிறார். ரசம் ஊற்றிக்கொண்டே, "தம்பி, நல்ல லேம்ப் ஒண்ணு இப்பவே வாங்கி வெச்சுக்கோங்க. நவம்பர் வந்தா வேணும்" என்றார். "வீட்ல லைட் எல்லாம் இருக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை எடுத்தேன். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். என்ன விளக்கு, எதற்கு, எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஹெல்சிங்கி பூமத்திய ரேகைக்கு வடக்கே 60 டிகிரியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், ஆனால் உறைக்கவில்லை. திருநெல்வேலி எட்டே முக்கால் டிகிரி. நம் ஊரில் மார்கழியில்கூட பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். இங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். முதல் நாள் ஐந்தரைக்கு மறைந்த சூரியன் மறுநாள் நாலரைக்கே போய்விடும். டிசம்பர் 21 அன்று உதயம் 9:24, அஸ்தமனம் 3:13. ஆறு மணி நேரம்கூட முழுசாக இல்லை. அந்த ஆறு மணி நேரமும் வெயில் அடிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். உச்சிப் பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து ஆறேழு டிகிரிதான் எழும்பும், அதையும் பெரும்பாலும் மேகம் மூடிக்கொள்ளும். பனி விழுந்துவிட்டால் தரையாவது வெள்ளையாக இருக்கும். நவம்பரில் அதுவும் இல்லாமல் மழையும் கறுத்த தார்ச்சாலையும்தான். நவம்பருக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் மர்ராஸ்கூ, சாவின் மாதம் என்கிற மாதிரிப் பொருள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இதை ஜோக் போலச் சொன்னார். நானும் ஜோக் என்றே எடுத்துக்கொண்டேன்.

என் வாழ்க்கை அமைப்பும் இதற்கு ஏற்றாற்போல வாய்த்திருந்தது. வீடு மத்தின்க்யூலாவில், அலுவலகம் கெய்லானியெமியில். இரண்டு இடமும் மெட்ரோ வழியில், எஸ்போவுக்குள் அந்த மெட்ரோ முழுக்கச் சுரங்கத்துக்குள்தான் ஓடுகிறது. மத்தின்க்யூலா நிலையம் ஒரு பெரிய வணிக வளாகத்தோடு ஒட்டியே இருப்பதால் காய்கறி, அரிசி, நூலகம் எல்லாம் கூரைக்குள்ளேயே முடிந்துவிடும். குளிரில் நடக்க வேண்டாம், எவ்வளவு வசதி என்று பெருமைப்பட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை வானத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காத வாரங்கள் இருந்தன. போதாததற்கு, அந்தக் குளிர்காலம் ஐரோப்பா முழுக்க மின்சார விலை எகிறியிருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள் என்று எங்கே பார்த்தாலும் அறிவிப்பு. நானும் நல்ல பிள்ளையாக வீட்டில் ஒரே ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு மற்ற அறைகளை இருட்டாக வைத்தேன். எல்இடி பல்புக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்? சில சென்ட். அதை மிச்சம் பிடித்து நான் தொலைத்த தொகையைக் கீழே சொல்கிறேன்.

நவம்பர் நடுவில் ஆரம்பித்தது. அழுகையோ துக்கமோ வரவில்லை, அதனால்தான் எனக்குப் பிடிபடவில்லை. தூக்கம்தான் வந்தது. இரவு பத்து மணிக்குப் படுத்தால் காலை ஒன்பதுக்கும் எழ முடியாது. எழுந்தாலும் உடம்பு நனைந்த சாக்கு மாதிரி கனக்கும். பசி போகவில்லை, கூடியது. அதுவும் சோறு, உருளைக்கிழங்கு சிப்ஸ், ஏலக்காய் மணக்கும் பன், பிஸ்கட், இதெல்லாம்தான் வேண்டும். மூன்று மாதத்தில் ஏழு கிலோ ஏறினேன். வேலையில் ஒரு சின்னப் பிழையைத் திருத்துவதற்கு, ஒரே பத்தியை நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறாது. காலைக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு, படுக்கையில் இருந்தபடியே "நேற்று செய்ததைத் தொடர்கிறேன்" என்று சொல்வேன். நேற்று எதுவும் செய்திருக்க மாட்டேன். பிரஷர் குக்கரைக் கழுவாமல் சிங்க்கில் போட்டது டிசம்பர் தொடக்கம். அது பிப்ரவரி வரை அங்கேயே கிடந்தது, அதைப் பற்றிப் பின்னால் வரும்.

இதற்கெல்லாம் நான் வைத்த பெயர் சோம்பல். அப்பா காலை நாலரை மணிக்கு எழுந்து வேலைக்குப் போனவர். அவர் பிள்ளை ஒன்பது மணிக்கும் எழவில்லை என்றால் அது சோம்பல் இல்லாமல் வேறென்ன? சில நாள் ஊர் ஏக்கம் என்று நினைத்தேன். சில நாள், இந்த வேலைக்கே லாயக்கில்லாதவன், அது இப்போதுதான் வெளியே தெரிகிறது என்று நினைத்தேன். இங்கே புது வேலையில் ஆறு மாதம் வரை சோதனைக்காலம் வைக்கலாம், என்னுடையது பிப்ரவரி நடுவில் முடிய வேண்டும். அந்தப் பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மா கேட்டால், "வேலை ஜாஸ்திம்மா" என்பேன். மனம் தளர்ந்தால் அதற்கு ஒரு குணக்குறையைக் காரணமாகக் கண்டுபிடித்துத் தன்னைத்தானே திட்டிக்கொள்கிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. திட்டத் திட்ட இன்னும் அரை மணி நேரம் கூடுதலாகப் போர்வைக்குள் கிடந்தேன் என்பதுதான் கண்ட பலன்.

சோம்பலுக்கு மருந்து சுறுசுறுப்பு என்று முடிவு கட்டி, ஜிம்மில் சேர்ந்தேன். மாதம் 49 யூரோ 90 சென்ட், பன்னிரண்டு மாத ஒப்பந்தம், நடுவில் விலக முடியாது. மூன்று தடவை போனேன், மூன்றும் இரவு எட்டு மணிக்கு மேல். கிட்டத்தட்ட 600 யூரோ அப்படியே போயிற்று. குளிர்காலத்தில் இப்படி நீண்ட ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருமுறை நுழைவுக்குக் காசு கொடுக்கிற நகராட்சி நீச்சல்குளம் ஊருக்கு ஊர் இருக்கிறது, சானா என்கிற நீராவி அறையும் சேர்த்துத்தான். பிடித்தால் பத்து தடவைக்கான அட்டை வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது விளக்கு. அக்கா சொன்னது டிசம்பர் தொடக்கத்தில் ஞாபகம் வந்தது. இணையத்தில் தேடி, இருப்பதிலேயே மலிவாக 29 யூரோவுக்கு ஒன்று வாங்கினேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 10,000 லக்ஸ் என்று போட்டிருந்தது, லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு. எவ்வளவு தூரத்தில் அந்த 10,000 என்பது உள்ளே பொடி எழுத்தில் இருந்தது: பத்து சென்டிமீட்டர். அதாவது மூக்கு இடிக்கிற தூரம். நானோ அதை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தேன். அதுவும் எப்போது? அலுவலகம் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு. ஒரு வாரத்தில் கெட்டது இன்னும் கெட்டது. பத்துக்கு வந்துகொண்டிருந்த தூக்கம் இரண்டு மணிக்குப் போனது, எழுவது பதினொன்றுக்குப் போனது. விளக்கு என்பதே ஏமாற்று வேலை என்று முடிவு செய்து அலமாரிக்குள் தள்ளினேன். இதே சமயம் ஊரில் ஒரு உறவினர், "வைட்டமின் டி கொறைஞ்சிருக்கும், அறுபதாயிரம் யூனிட் மாத்திரையை வாரம் ஒண்ணு போடு" என்று வாட்சப்பில் சொன்னார். பரிசோதனை எதுவும் செய்யாமல் அதையும் வாங்கி விழுங்கினேன். எந்த மாற்றமும் தெரியவில்லை.

டிசம்பர் 17, சனிக்கிழமை. எழுந்தபோது வெளியே இருட்டு. விடியவில்லை போல என்று போனைப் பார்த்தால் மாலை மணி நாலு. பகல் வந்து போனதே எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி ஊருக்கு டிக்கெட் போட்டேன். கிறிஸ்துமஸ் நெருக்கம், கடைசி நேரம், 1,140 யூரோ. விடுப்பு அவ்வளவு சேரவில்லை என்பதால் இரண்டு வாரம் சம்பளமில்லாமல். யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

ஊருக்குப் போன நாலாம் நாள் நான் பழையபடி ஆகிவிட்டேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காலை ஆறரைக்கு யாரும் எழுப்பாமல் எழுந்து, டீக்கடைக்கு நடந்து போய், தினத்தந்தியை முழுசாகப் படித்தேன். மழை விட்டிருந்த ஒரு நாள் மொட்டை மாடியில் அம்மா மோர் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். போனில் ஒளியை அளக்கிற செயலி ஒன்று இறக்கியிருந்தேன், சும்மா அளந்து பார்த்தேன். எண் லட்சம் லக்ஸைத் தொட்டுத் தொட்டு வந்தது. எஸ்போ வீட்டில் என் ஒற்றை விளக்கடியில் பின்னால் அளந்தபோது அறுபது காட்டியது, அலுவலக மேசையில் நானூறு. போன் அளவை அவ்வளவு துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அறுபதுக்கும் லட்சத்துக்கும் நடுவில் துல்லியம் எதற்கு? அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வந்தன்னிக்கி ஒம் மூஞ்சி செத்தவன் மூஞ்சி மாதிரி இருந்துச்சுய்யா, இப்பத்தான் ஆளா இருக்க" என்றாள். வீட்டுச் சாப்பாடு என்று அவள் நினைத்தாள். நானும் அதற்கு ஒத்துக்கொண்டேன்.

ஜனவரி முதல் வாரம் திரும்பினேன். பத்தே நாளில் மறுபடி அதே சாக்கு மூட்டை. டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு எனக்கு ஒரு விஷயத்தை நிரூபித்தது, அவ்வளவுதான், குணப்படுத்தவில்லை. டிசம்பரில் ஓடிப்போனால் திரும்பி வரும்போது பாதி இருட்டு இன்னும் பாக்கி இருக்கும். இப்போது நான் ஊருக்குப் போவதாக இருந்தால் ஜனவரி கடைசியில் கிளம்புகிறேன். திரும்பும்போது பிப்ரவரி நடு, அஸ்தமனம் ஐந்தைத் தொட்டிருக்கும், டிக்கெட்டும் மலிவு.

அந்த ஜனவரியில் ஒரு இரவு, காலையில் எழாமலே போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு எண்ணம் வந்தது. திட்டம் எதுவும் இல்லை, வெறும் எண்ணம்தான். ஆனால் அது வந்த விதம், பக்கத்து வீட்டுக்காரர் சாதாரணமாக வந்து உட்காருவது போல இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. இப்படி ஒன்று தலைகாட்டினால் விளக்கு, நடைப்பயிற்சி பற்றியெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஒரு மனிதரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். உடனே ஆபத்து என்று தோன்றினால் இங்கே 112. நான் இரவு பதினொரு மணிக்குப் பொள்ளாச்சி அக்காவைக் கூப்பிட்டேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "சாமி, இதைய வெச்சுட்டா இத்தன நாள் தனியா கெடந்தீங்க? நாளைக்குக் காலைல ஆபீஸ் டாக்டர்கிட்டப் போறீங்க, நானும் வாறேன்" என்றார். வந்தார்.

இங்கே ஒவ்வொரு முதலாளியும் ஊழியர்களுக்குப் பணிசார் சுகாதார சேவை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். பல நிறுவனங்கள் அதில் மருத்துவரைப் பார்ப்பதையும் சேர்த்தே தருகின்றன. எனக்கும் அது இருந்தது, முதல் நாளிலிருந்தே இருந்தது, ஒரு பைசா செலவில்லை. சொன்னால் மேலாளருக்குப் போய்விடும் என்று பயந்தேன். நீ இங்கே பேசியது என்னைத் தாண்டாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். வழக்கமான கேள்வித்தாள், ரத்தப் பரிசோதனை: தைராய்டு, இரும்பு, பி12, வைட்டமின் டி. சைவம் சாப்பிடுகிறவர்கள் பி12ஐக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும். வாரம் அறுபதாயிரம் யூனிட் கதையைச் சொன்னபோது அவர் புருவம் ஏறியது. அளவு தெரியாமல் அதை விழுங்கக் கூடாது என்றார். வைட்டமின் டி எலும்புக்கு வேண்டும், நம் தோல் நிறத்துக்கும் இந்த ஊருக்கும் இன்னும் வேண்டும், ஆனால் அது வேறு கணக்கு, வெளிச்சம் வேறு கணக்கு. சிகிச்சை விளக்கில் புற ஊதாக் கதிரை வடிகட்டிவிடுவதால் அதன் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வைட்டமின் டி ஊறாது. இரண்டையும் நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

அவர் எழுதிய சொல் காமோஸ்மசென்னுஸ். காமோஸ் என்றால் துருவப் பகுதியில் சூரியன் எழாத காலம், மசென்னுஸ் என்றால் மனச்சோர்வு. சோம்பல் இல்லை, பெயருள்ள ஒரு நோய் என்று தெரிந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவை. அப்புறம் படித்தபோது, 1984இல் இதைப் பருவகால மனச்சோர்வு என்று விவரித்துப் பெயர் வைத்த நார்மன் ரோசந்தால் தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க் போனவர், அங்கே குளிர்காலத்தில் தானே சுருண்டுபோவதைக் கவனித்தவர் என்று தெரிந்தது. வெயில் ஊர்க்காரன் கண்டுபிடித்ததில் ஆச்சரியம் என்ன.

மருத்துவர் விளக்கியது எளிது. கண்ணில் விழும் காலை வெளிச்சம்தான் மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தைத் தினமும் முடுக்கிவிடுகிறது. அது விழாவிட்டால் உடம்பு இன்னும் ராத்திரி என்றே நம்பும். ஆக, நான் மாலையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், தோற்றுக்கொண்டிருந்தது காலையில். இரவு விளக்கு, இரவு ஜிம், எல்லாமே கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளியது. சரியான முறை இது: எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 10,000 லக்ஸ் விளக்கு முன்னால் அரை மணி நேரம். அந்த 10,000 எந்தத் தூரத்தில் என்று பார்த்து அந்தத் தூரத்தில் உட்கார வேண்டும். 2,500 லக்ஸ்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். விளக்கை முறைத்துப் பார்க்கக் கூடாது, முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துவிட்டு இட்லியோ காபியோ சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னார்: இருமுனைக் கோளாறு இருப்பவர்கள், விழித்திரை நோய் இருப்பவர்கள், வெளிச்சத்துக்குக் கூச்சம் ஏற்படுத்துகிற மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. மனச்சோர்வும் கட்டுக்கடங்காத உற்சாகமும் மாறி மாறி வருகிற இருமுனைக் கோளாற்றில் இது ஆளை மறுபக்கத்துக்கு, அந்த உற்சாகத்துக்குத் தூக்கிவிடலாம். எனக்கு இரண்டு வாரம் பார்ப்போம், அசையாவிட்டால் மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கலாம் என்றார். மாத்திரை என்றதும் நான் முகம் சுளித்தேன். இப்போது யோசித்தால், அந்தச் சுளிப்புக்கு ஒரு நியாயமும் இல்லை. என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர் ஒவ்வோர் அக்டோபரிலும் எடுத்துக்கொள்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள்.

149 யூரோவுக்கு, பெரிய புத்தகத்தை விரித்து வைத்த அளவில் ஒரு விளக்கு வாங்கினேன். முதல் மூன்று நாள் தலைவலி. எட்டாவது நாள் பிப்ரவரி 3ஆம் தேதி, அடுப்படியில் நின்று குக்கரைக் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்பதே பாதிக் கழுவிய பிறகுதான் உறைத்தது. பிப்ரவரியில் பகலும் நீண்டுகொண்டிருந்ததால், என்னைத் தூக்கிவிட்டது விளக்கா வானமா என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சோதனைக்காலம் தப்பியது, ஆனால் மேலாளரிடம் ஒரு கசப்பான பேச்சுக்குப் பிறகுதான்.

அடுத்த வருடம்தான் உண்மை தெரிந்தது. செப்டம்பர் நடுவிலேயே, எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே, விளக்கைச் சமையலறை மேசையில் நிரந்தரமாக வைத்தேன். எடுத்து வைத்து எடுத்து வைத்து உபயோகிக்கிற பொருளாக இருந்தால் நவம்பரில் கை போகாது. கறுப்புத் திரைச்சீலையைக் கழற்றினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை, மழையோ பனியோ, கடற்கரை நடைபாதையில் அரை மணி நேரம் நடக்கிறேன். மேகம் மூடிய நாளிலும் வெளியே ஆயிரம் இரண்டாயிரம் லக்ஸ் இருக்கும், எந்த அலுவலக விளக்கும் அதற்கு ஈடில்லை. அதற்கு ஆணி பதித்த காலணியும், கோட்டில் தொங்கவிடுகிற ஒளி பிரதிபலிப்பானும் முதலில் வாங்குங்கள். வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தால் நடையே போச்சு. ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம் எழுந்தேன், இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வீட்டில் எல்லா விளக்கையும் போட்டேன். அப்படியும் நவம்பர் கடைசியில் இரண்டு வாரம் சுமாராகத்தான் போனது. ஏலக்காய் பன் அளவும் கூடியது. ஆனால் ஒன்பது மணிக் கூட்டத்தில் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன்.

அந்த 29 யூரோ விளக்கு வீண் போகவில்லை. ஜன்னல் ஓரத்தில் கறிவேப்பிலைத் தொட்டி மேல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பத்து சென்டிமீட்டர் தூரம் அதற்குச் சரியாக இருக்கிறது.

இதை 2024 செப்டம்பர் முதல் வாரத்தில் எழுதுகிறேன். எழுத வேண்டிய நேரம் இதுதான், ஆனால் நம்புவதற்கு மோசமான நேரமும் இதுதான், ஏனென்றால் மாலை எட்டு மணிக்கும் வெளியே வெளிச்சம். போன வாரம் மதுரையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பையனிடம் விளக்கைப் பற்றிச் சொன்னேன். தூரம், நேரம், எல்லாம் விளக்கமாகவே சொன்னேன். "அண்ணே, வெயில் இந்தப் போடு போடுது, லேம்ப்பா?" என்று சிரித்தான். நானும் வற்புறுத்தவில்லை. நவம்பர் 10ஆம் தேதி, ஞாயிறு, காலை பத்து மணிக்கு அவனைக் கூப்பிட வேண்டும் என்று போனில் குறித்து வைத்திருக்கிறேன். எடுக்கவில்லை என்றால் நேரில் போவேன், இரண்டு மெட்ரோ நிலையம்தான்.